உள்முனையில் ஒரு சாண்

ஃபிலிம் கழுவுகிறவள் வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் யாருக்கும் விளங்காது. எக்ஸ்ரேக்காரி வீடு என்றால் பேக்கரிக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து கை காட்டுவார். பத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே இருட்டறையில் நின்றவள் அவள். ஊர்க்காரர்களின் முறிந்த எலும்புகளை டாக்டருக்கு முன்பே பார்த்தவள். ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் வேலை போனது. வீட்டுக் குளியலறை ஜன்னலுக்குத் தகரம் அடித்துவிட்டு, கருப்பு வெள்ளை ஃபிலிம்களை வாங்கிக் கழுவ ஆரம்பித்தாள்.

கணவன் இறந்தபின் அவளோடு வந்து சேர்ந்த அக்கா ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். ஆனால் மருந்துக்கடையில் பொட்டலம் மடித்த கை. கால் கிராம் என்றால் கால் கிராம்தான் நிறுப்பாள். ஃபிலிமில் படத்தை வரவழைக்கும் டெவலப்பர் கரைசல்களில் சேரும் மெட்டோல் என்ற தூள் தங்கைக்கு ஆகாது. ஆஸ்பத்திரி நாட்களில் அவள் விரலிடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. வேலையை விடு என்றார் டாக்டர். அவள் வேலையை விடவில்லை, தூளை விட்டாள். அதே வேலையைச் செய்யும் வேறொரு தூளைத் தேடிப்பிடித்து, ஏழு மாதம் சோதித்து, தனக்கென்று ஒரு டெவலப்பர் கண்டாள். அந்த அளவுகள் அக்காவுக்கு மனப்பாடம். வருகிறவர்களிடம் அந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்பியதில்லை.

"ஆரம்பிச்சிட்டியா? பாவம், வந்தவங்களுக்கு வேலை இருக்காது?" என்பாள் தங்கை.

"உனக்குத்தான் உன் அருமை தெரியல. நானாவது சொல்றேன்."

அப்படித்தான் ஒரு நாள் காலை வெல்டர் ஒருவர் வந்தபோதும் நடந்தது. பத்து வருடத்துக்கு முன் வெள்ளத்தில் அவருடைய வீடு போனது. பதினோரு வயது மகளும் போனாள். ஆல்பம் உட்பட ஒன்றும் மிஞ்சவில்லை. பட்டறை அலமாரியில் கிடந்த கேமரா மட்டும் தப்பியது. இப்போது பட்டறையைக் காலி செய்யும்போதுதான் அது கண்ணில் பட்டிருக்கிறது.

"புது பேட்டரி போட்டு பட்டனை அமுக்கினேன். ரோல் சுத்திக்கிட்டு வந்துடுச்சும்மா. பொண்ணை அதுல ரெண்டு மூணு படம்தான் எடுத்திருந்தேன். எங்க வீட்டுக்காரிக்கு அவ முகமே மறந்துபோச்சாம். ராத்திரி எழுந்து உக்காந்துக்கிட்டு என்னைக் கேக்குறா, மூக்கு எப்படி இருக்கும்னு."

"கேமரா என்ன..." என்று தங்கை ஆரம்பித்தாள்.

"எல்லாம் அவ பாத்துக்குவா, ரோலை வச்சிட்டுப் போங்க," என்றாள் அக்கா. "இதவிட மோசமானதுலயெல்லாம் முகம் கொண்டுவந்திருக்கா. கைராசிக்காரி." வெல்டர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பழைய ஃபிலிமில் படம் மங்கும், மேலே சாம்பல் மூட்டம் ஏறும். நிதானமான டெவலப்பரில் போட்டால் மூட்டம் முந்திக்கொள்ளும். வேகமானதில் போட்டு, மூட்டத்தை அடக்கும் மருந்தும் சொட்டு விட்டு, படம் வந்த கையோடு எடுத்துவிட வேண்டும். எத்தனை நிமிடம் என்பதற்குத்தான் சோதனை. ரோல் பாதியில் நின்றிருந்தால், டப்பாவுக்குள் சுருண்ட உள்முனை வெற்றாக இருக்கும். அதில் ஒரு சாண் வெட்டிக் கழுவிப் பார்த்தால் மூட்டத்தின் அளவு தெரிந்துவிடும். தங்கை கும்மிருட்டில் தடவி வெட்டினாள். கதவுக்கு வெளியே அக்கா கடிகாரம் பார்த்து மூன்று நிமிடம் சொன்னாள். படம் முழுதாக வர அது போதாது, மூட்டத்தை அளக்கப் போதும். துண்டு, படத்தை அந்த நிலையிலேயே நிறுத்தும் ஃபிக்ஸருக்குப் போனது. அதற்குப் பிறகு எந்த டெவலப்பரும் அதைத் தொட முடியாது.

விளக்குப் போட்ட சத்தம் கேட்டது. வெகுநேரம் கதவு திறக்கவில்லை.

"என்னடி?"

"உள்ள வா."

சாம்பல் நிறத் துண்டில், மூச்சுப் பட்ட கண்ணாடி போல, மூன்று படங்கள். மூன்றிலும் ஒரு சிறுமி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் நிழல்.

"சில கேமரா ஃபிலிமை டப்பாலருந்து மொத்தமா வெளிய இழுத்துக்கும். அப்புறம் ஒவ்வொரு படமா உள்ள சுருட்டும்," என்றாள் தங்கை. "அதுல முதல் படம் உள்முனையில இருக்கும். மிச்ச ரோல் பூரா வெத்துதான்." கழுவிப் பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தது.

கேமரா என்ன என்று கேட்க வாயெடுத்தவளை அடக்கியது யார் என்று இருவருக்கும் தெரியும். தங்கை துண்டைக் கிளிப்பில் மாட்டிக் காயவைத்தாள். திட்டியிருந்தாலாவது தேவலை.

மீதி இருந்த வழி, வந்த படத்தின் நிறத்தை மாற்றும் டோனர். கந்தக டோனர் படத்தைப் பழுப்பாக்கும், இதற்கு உதவாது. செலினியம் டோனர் நெகடிவில் இருப்பதைக் கொஞ்சம் அழுத்தமாக்கும். விஷம். தங்கை இரட்டைக் கையுறை போட்டுக்கொண்டாள். முந்திய வாரம் கழுவிய வேறொருவர் ஃபிலிமில் உபயோகமில்லாத துண்டை முதலில் முக்கிப் பார்த்தாள். மூன்று நாள் போனது. சட்டையின் பொத்தான்கள் எழுந்தன. வெயிலுக்கு நெற்றியில் வைத்த கை எழுந்தது. கைக்குக் கீழே ஒன்றும் எழவில்லை. இல்லாததை டோனர் எங்கிருந்து கொண்டுவரும்?

"பழசு, அவ்வளவுதான் வந்துச்சுன்னு சொல்லிடு," என்றாள் அக்கா. "எவனுக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

படம் வாங்க வந்த வெல்டர் பிரிண்டை விளிம்பில் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். "சட்டை அவளோடதுதான்," என்றார்.

"அண்ணே, தப்பு என்னுது. சோதனைக்குன்னு நான் வெட்டுன துண்டுலதான் படம் இருந்துச்சு. கேமராவைக் கேட்டிருக்கணும், கேக்கல."

"வெட்டலைன்னா?"

"முகம் வந்திருக்கும்."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "இதச் சொல்லாம விட்டிருக்கலாமேம்மா," என்றார். "பத்து வருஷம் ஆச்சு, அழிஞ்சுபோச்சுன்னு வீட்ல சொல்லியிருப்பேன். இப்ப நான் போய் என்னன்னு சொல்வேன்?"

"அவ கேக்கத்தான் வந்தா, நான்தான்..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"அக்கா," என்றாள் தங்கை திரும்பாமல், "நெகடிவையும் கவர்ல போட்டு அண்ணன்கிட்ட குடு."

அக்கா அந்தத் துண்டை விரல் படாமல் எடுத்தாள், உறையில் போட்டாள், அதற்கு அட்டை வைத்தாள், மடங்காமல் கொண்டுபோகச் சொன்னாள். வெல்டர் உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.