வீதியின் நடுவே விழுந்த கோடும் மனோ அக்காவும்

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ரெலிபோன் அடித்தபோது நான் எடுக்கவில்லை. ஊரிலிருந்து வந்த சாவுச் செய்திகளுக்குப் பிறகு அந்த மணிச் சத்தம் கேட்டாலே எனக்குப் பயம். விடாமல் அடித்ததால் எடுத்தேன். செய்தி ஊரிலிருந்து வரவில்லை. நான்கு வீடு தள்ளி இருக்கும் மனோ அக்காவின் கணவர் சிவம் அண்ணைதான் பேசினார்.

"பிள்ளை, அக்கா எங்களை விட்டுட்டுப் போட்டா."

சொல்லிவிட்டு ரெலிபோனை வைத்துவிட்டார். காலையில்தான் அக்கா எங்கள் முன்மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மழை வரும்போல கிடக்கு, சின்னவளுக்குக் கோட் குடுத்தனியே?" என்று கேட்டிருந்தார். மாரடைப்பு என்றார்கள்.

மனோன்மணி அக்காவை எங்கள் வீதியில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காகவும் எழுதுகிறேன். ஒருவர் இறந்துபோனால், எதற்கும் அஞ்சாதவர் என்று எழுதுவது வழக்கம். அப்படி எழுதினால் பொய். அக்காவைப் போலப் பயந்த மனுஷியை நான் கண்டதில்லை.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் லண்டனில் ஃபாரஸ்ட் கேட்டுக்கு வந்தோம். ஒரு வீட்டில் இரண்டு குடும்பம், மூன்று குடும்பம். எந்த பஸ், எந்த டொக்டர், எங்கே நல்ல கத்தரிக்காய் என்று எல்லாவற்றையும் காட்டித் தந்தவர் அக்கா. ஆனால் கதவில் தட்டினால் முதலில் விளக்கை அணைப்பார். கொழும்புக் கலவரத்தில், கையில் தாளோடு வந்தவர்கள் வீட்டு இலக்கம் பார்த்துப் பார்த்து நெருப்பு வைத்தார்கள். இரண்டு பெண்பிள்ளைகளின் வாயையும் பொத்திக்கொண்டு பக்கத்து வீட்டுக் குளியலறைக்குள் இருந்து தப்பியவர் அவர். "தாளோட வாறவைக்கு ஒண்டும் சொல்லாதை" என்பார்.

அப்படித் தாளோடு ஒருவர் எங்கள் வீதிக்கும் வந்தார். கவுன்சிலில், அதாவது நகரசபையில், வேலை செய்யும் வெள்ளைக்காரப் பெண். வரும் வருஷங்களில் பள்ளிக்கூடம் தொடங்கப்போகும் சின்னப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கேட்டார். எங்களில் அநேகருக்கு அகதி வழக்கு முடியவில்லை. கவுன்சில் என்ன, அகதிகளைத் திருப்பி அனுப்புகிற ஹோம் ஒபிஸ் என்ன, எங்களுக்கு எல்லாம் ஒன்றுதான். அக்கா வீடுகளின் பின்வளவுகளால் ஓடி ஓடிச் சொன்னார்.

"பிள்ளையள் இல்லையெண்டு சொல்லுங்கோ. வாசல்ல கிடக்கிற சின்னச் சப்பாத்துகளை உள்ளுக்கை எடுங்கோ."

எல்லாரும் அப்படியே செய்தோம். என் மூத்தவளுக்கு அப்போது நான்கு வயது. கட்டிலுக்குக் கீழே படுத்தவள் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டாள். நான் இருமி இருமி அந்தச் சிரிப்பை மறைத்தேன். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்று பின்னேரம் அக்கா வீட்டில் தேநீர் குடித்தோம், பெரிய கண்டத்தில் தப்பினவர்கள் மாதிரி.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பள்ளிக்கூடத்தில் இடம் போதவில்லையாம். எந்த வீதிப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்ற எல்லையை மாற்றப்போகிறார்களாம். புதுக் கோடு எங்கள் வீதியின் நடுவால் போனது. எதிர்ப்பக்கத்துக்கு மூலையில் உள்ள பள்ளிக்கூடம். எங்கள் பக்கத்துக்கு ரயில் பாலத்துக்கு அங்கால் உள்ளது. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளே இல்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

அந்தப் பாலத்துக்குக் கீழே பகலிலும் இருட்டு. தலையை மழித்து, பெரிய சப்பாத்துப் போட்ட வெள்ளைக்காரப் பெடியன்கள் நிற்பார்கள். வேலைக்குப் போன எங்கள் ஆள் ஒருவரை அங்கே போத்தலால் அடித்து, அவருக்கு ஒரு கண் போய்விட்டது. அந்த வழியால் நான்கு வயதுப் பிள்ளையை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது?

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ கோதாரி, அந்தக் கோட்டைக் கீறினது அவையில்லை. நானெல்லோ கீறினனான்!"

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். சுவரில் பெரிய வரைபடம், அதில் சிவப்புக் கோடு. எதிர்ப்பக்கத்து ஆட்கள், கோடு இருக்கிற இடமே சரி என்று வாதாடினார்கள். எங்கள் ஆட்கள் கடைசி வரிசையில் குனிந்துகொண்டு இருந்தோம். எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா அந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். திடீரென்று எழும்பினார்.

சிவம் அண்ணை அவருடைய சேலையைப் பிடித்து இழுத்தார். "இஞ்சேரும், இரும். கேஸ் முடியேல்லை."

"முடியாட்டி முடியாமல் கிடக்கட்டும். விடுங்கோ சீலையை, கழரப்போகுது."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. பிள்ளைகள் இல்லை என்றது பொய் என்று, தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சத்தமாகச் சொன்னார். "நோ சில்ட்ரன் இஸ் லை. ஐ டெல் லை. மெனி சில்ட்ரன்."

முன்மேசையில் இருந்த அதிகாரி பெயரையும் விலாசத்தையும் கேட்டார். அந்த இரண்டையும் இந்த நாட்டில் யாருக்கும் சும்மா கொடுக்காத மனுஷி. ஆனாலும் கொடுத்தார், வீட்டு இலக்கத்தோடு. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"என்னடி பாத்துக்கொண்டு இருக்கிறியள்? எழும்புங்கோவன்! பிள்ளை பெறேக்கை இருந்த வாய் இப்ப எங்கை?"

ஒவ்வொருவராக எழும்பினோம். நானும் என் பெயரைச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இருந்த பயம் சொல்லி முடியாது. கறுப்பு வான் ஒன்று வீதியில் நின்றால், எங்களைப் பிடித்து ஊருக்கு அனுப்ப ஏற்றிப்போக வந்துவிட்டார்கள் என்று நினைப்போம். அக்கா உடுப்புப் பெட்டியை அடுக்கி வாசலில் வைத்திருந்தார். ஆனால் அந்தக் கவுன்சில் பெண் திரும்பவும் எண்ண வந்தபோது, கூடவே ஒவ்வொரு வீடாக நடந்தார். "திறவடி, நான்தான், மனோ. பிள்ளையைக் காட்டு" என்று ஒவ்வொரு கதவிலும் கூப்பிட்டார். ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

கோட்டைத் தள்ளிப் போட்டார்கள். எங்கள் பிள்ளைகள் மூலைப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அன்று நாங்கள் கேசரி கிண்டினோம். அக்கா ஒரு வாய்தான் சாப்பிட்டார். கோடு இப்போது பின்வீதிக்கு மேலால் போனது. அங்கே இருந்த வெள்ளைக்காரர்களின், வங்காளிகளின் பிள்ளைகள்தான் இனிப் பாலத்தால் போகவேண்டும்.

"அவையின்ர பிள்ளையளும் பிள்ளையள்தானே. பாலம் அங்கதானே கிடக்கு" என்றார்.

அடுத்த கூட்டத்தில் அந்த வீதித் தாய்மாரோடு போய் இருந்தார். கோடு மாறவில்லை. காலையிலும் பின்னேரமும் பாலத்தடியில் ஒரு பொலிஸ்காரரை நிற்க வைத்ததுதான் மிச்சம்.

எங்களை யாரும் ஏற்றிப்போகவில்லை. தொண்ணூறுகளில் அக்காவின் வழக்கும் சரிவந்தது. ஆனாலும் கதவில் தட்டினால் விளக்கை அணைப்பதை அவர் கடைசிவரை விடவில்லை.

சனிக்கிழமை வரை ஆஸ்பத்திரியில் உடலைத் தரமாட்டார்கள் என்று பயந்தோம். வெள்ளிக்கிழமையே தந்துவிட்டார்கள். வீட்டில் கிரியை முடித்து, பெட்டியைக் காரில் ஏற்றியபோது பள்ளிக்கூடம் விடுகிற நேரம். கார் மூலைக்குப் போனதும், வட்டப் பலகை பிடித்துப் பிள்ளைகளை வீதி கடத்திவிடும் பெண் நடுவீதிக்கு வந்து மறித்தார். உள்ளே இருப்பது என்ன என்று கண்டதும் தயங்கி வழிவிடப் பார்த்தார். சிவம் அண்ணை கண்ணாடியை இறக்கிக் கையைக் காட்டினார். "அதுகள் முதல்ல போகட்டும்."

தொப்பி போட்டதுகள், பை இழுத்ததுகள், தங்களுக்குள் அடிபட்டுச் சிரித்ததுகள், வீதியின் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அக்காவுக்கு முன்னால் கடந்தார்கள். என் சின்னவளும் போனாள். யாரையும் கவனிக்காமல், வாயில் எதையோ மென்றுகொண்டு.

எல்லாரும் பத்திரமாக அங்கால் போய்விட்டார்கள், அக்கா. இனி நீங்கள் பயமில்லாமல் போட்டு வாருங்கோ.