டுங்கியில் வைத்த வணக்கம்

டுங்கியில் எப்படி உட்காரவேண்டும் என்று எனக்கு ஒருவர் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

அறுபதுகளின் தொடக்கம். சிப்பிகாட் பக்கத்தில், காடி என்று எல்லோரும் சொல்லும் உப்புக்கழிக்கு அக்கரையில் குடியேற வந்தவர்களுக்காக நிலம் திருத்திக்கொண்டிருந்தார்கள். நான் இக்கரை அலுவலகத்தில் கிளார்க். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் இந்தத் தீவுக்கு வந்து இறங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வேலை இன்னும் உறுதியாகவில்லை. வாரம் ஒருமுறை வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போகவேண்டும். போவதற்கு இருந்தது ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த டுங்கி. அதற்குத் துடுப்புப் போட்டவர் ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்த கிறிஸ்தவர். நாற்பது வயதிருக்கும். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். தினக்கூலியாக இருந்த அவரை அந்த வருடம் நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு இருந்தது. நிரந்தரமானால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், ஊரிலிருக்கும் மனைவி பிள்ளைகளை அழைத்துவந்துவிடலாம். வாரம் தவறாமல் இதை என்னிடம் சொல்வார்.

முதல் நாளே எனக்குப் பாடம் எடுத்துவிட்டார். “நடுவுல, கீழ உக்காருங்க சார். சீதா, நேரா உக்காருங்க. கைய தண்ணிக்குள்ள விடாதீங்க, மகர் கெடக்கு, மொதல, முழங்கையோட போயிரும். கவுந்துச்சுன்னா டுங்கியப் புடிச்சுக்கிட்டு மெதங்கணும், என் கழுத்தப் புடிச்சா ரெண்டு பேரும் போய்ச் சேந்துருவோம். எவன் வந்தாலும் சரி, கர ஏறுற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது.”

எவன் வந்தாலும் சரி என்றார். வந்தவர் எங்கள் மேலதிகாரி.

எங்கள் அலுவலகத்தில் அவர் வராந்தாவில் நடந்தாலே, சாப்பிட்டுக்கொண்டிருப்பவன்கூட எச்சில் கையோடு எழுந்து நிற்பான். நிற்காத ஒருவரைத் தொலைதூரத் தீவுக்குத் தூக்கி அடித்ததாகப் பேசிக்கொள்வார்கள். அந்தக் காலையில் அவர் அக்கரையிலிருந்து இன்னொரு படகில் திரும்பி வந்துகொண்டிருந்தார். வளைவு திரும்பியதும் இருபது அடிக்குள் எதிரே குடை தெரிந்தது. எனக்கு மூளை எதையும் யோசிக்கவில்லை. கால் தானாக எழுந்தது. கைகளையும் குவித்துவிட்டேன்.

அண்ணன் “பைட்டோ! உக்காருங்க!” என்று கத்தியது காதில் விழுந்தபோது வாய்க்குள் உப்புத்தண்ணீர் போய்விட்டது. எனக்கு நீச்சல் தெரியாது. டுங்கியைப் பிடிக்கச் சொன்னவரின் கழுத்தையே கட்டிக்கொண்டேன். அவர் என் கையை முறுக்கிப் பிரித்து, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, கரையோரக் கண்டல் வேரில் என்னைப் போட்டார். போட்டுவிட்டு உடனே தண்ணீரில் திரும்பி இறங்கினார். பதிவேடு மிதந்துகொண்டிருந்ததாம்.

அதிகாரி குடைக்குள் முகத்தை வைத்திருந்ததால் நான் எழுந்ததைப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டுத்தான் திரும்பியிருக்கிறார். “என்னய்யா ஆச்சு?” என்றார். சேறு வழிய நான் சொன்னேன்: “வளைவுல சரியாத் திருப்பல சார்.”

யாரும் என்னை மிரட்டவில்லை. நானாகத்தான் சொன்னேன். என்னைக் காப்பாற்றியவர் அப்போது இடுப்பளவு தண்ணீரில், முதலை கிடக்கும் என்று அவரே சொன்ன இடத்தில், என் பதிவேட்டைத் தேடிக்கொண்டிருந்தார். நான் சொன்னது அவர் காதுக்கு எட்டவில்லை.

மறுநாள் விசாரணை என்று அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர், “பலட் கயா சாப்” என்றாராம். கவிழ்ந்துவிட்டது ஐயா, அவ்வளவுதான். வெளியே வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “நீங்க எந்திரிச்சதச் சொல்லல சார். புது ஆளு, பொழச்சுப் போங்க.” அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து அவர் என்னைத் தேடி வந்தார். மேலிடத்துக்கு ஒரு மனு எழுதவேண்டும், இங்கிலீஷில் எழுதினால்தான் எடுபடும் என்றார். “நடந்தது தெரிஞ்ச ஆளு நீங்கதான். எனக்குப் பாதகம் வராம நீங்களே எழுதுங்க சார்.”

டைப்ரைட்டர் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உண்மையை எழுதினால் என் வேலை போகும். வேறு ஏதாவது பொய் எழுதினால், நான் முதலில் சொன்ன பொய்யோடு ஒட்டாது. கடைசியில் மன்னிப்புக் கடிதம்தான் எழுதினேன். வளைவில் என் கவனக்குறைவால் படகு கவிழ்ந்தது, குடும்பஸ்தன், இந்த ஒருமுறை மன்னிக்கவேண்டும். மன்னிப்பு என்று கேட்டால் மனம் இரங்குவார்கள் என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பச்சைப் பொய். அந்தக் காகிதம் என்னைக் காப்பாற்றும் என்பது எனக்குத் தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. பேனாவை உதறிவிட்டு, எழுத்துக்கூட்டி, ரொம்ப நேரம் எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

பதில் என் மேஜைக்கே வந்தது, ஃபைலில் சேர்ப்பதற்காக. மனுதாரரே தவறை ஒப்புக்கொண்டிருப்பதால் மறுபரிசீலனைக்கு இடமில்லை.

அன்று மதியம் அவர் வந்தார். வாசலிலேயே, “ஏதாவது வந்துச்சா சார்?” என்றார்.

“இடம் காலியில்லையாம் அண்ணே.”

அடுத்த கப்பலில் ஊருக்குப் போய்விடுவதாகச் சொன்னார். பிறகு இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க என்ன சார் பண்ணுவீங்க, ஒங்களால ஆனதச் செஞ்சீங்க” என்றார்.