மணிலாவுக்கு விலை கேட்ட தீர்மானம்

ஊராட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்து அரசியல் சட்டத்தையே திருத்திவிட்டார்கள் என்று தொண்ணூற்று மூன்றில் பேசிக்கொண்டார்கள். அந்த அதிகாரம் எப்படி இருக்கும் என்று பார்க்கப் பல வருஷம் கழித்து எனக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் வார்டு உறுப்பினரானேன். உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தார்கள், அதிலும் ஒரு கால் நொண்டி.

எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை தவிர வேறெதுவும் அந்த மண்ணுக்கு ஒத்துக்கொள்ளாது. தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு தடையில்லா வணிக ஒப்பந்தம் போட்டாயிற்று, பாமாயில் கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறது என்றார்கள். எங்கள் காயை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. அதற்காக நான் யோக்கியமா? ரேஷன் பாமாயிலில்தான் தாளித்தேன். நிலத்தை மனை போடுகிறவருக்கு விற்றுவிடலாம் என்றார் வீட்டுக்காரர். கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்புகிறேன், பதில் வரும்வரை நிலத்தைத் தொடக்கூடாது என்று சண்டை போட்டுத் தடுத்தேன்.

சபையில் ஊராட்சி எழுத்தர் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்.

“மல்லாட்டைன்னே எழுதட்டுங்களாக்கா?”

“மேல போற காகிதம், நல்லா இருக்காது. கமிட்டி போர்டுல போட்டுக்கினு இருக்காங்களே, மணிலான்னு, அப்படியே எழுதுப்பா.”

மூட்டைகளை ஏலம் விடும் விழுப்புரம் கமிட்டியில் மல்லாட்டைக்கு அதுதான் பெயர். கௌரவமாக இருக்கட்டும் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ‘வெளிநாட்டு எண்ணெயைக் குறைத்து, மணிலாவுக்கு உரிய விலை கிடைக்கச் செய்ய வேண்டும்’ என்று எழுதி, ஊரே கையெழுத்தும் கைநாட்டும் வைத்து அனுப்பினோம்.

விதைக்கவும் மனமில்லை, விற்கவும் மனமில்லை. இரண்டு பட்டம் தரிசாகவே போனது. பிறகு பதில் வந்தது. மணிலா நகரம் அயல்நாட்டில் இருப்பதால், அது குறித்துத் தீர்மானம் இயற்ற ஊராட்சிக்கு அதிகாரம் இல்லையாம்.

எழுத்தர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

“மல்லாட்டைன்னு மாத்தி இன்னொரு வாட்டி அனுப்பலாங்களாக்கா?”

“போதும்பா, பேஜாரு. அதுக்கும் எத்தினி வருசம் குந்திக்கினு இருக்கறது?”

அந்த வருஷமே நிலம் கைமாறியது. அடுத்து வந்த ஊராட்சிக் கூட்டத்தில் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கேட்டு ஒரு மனு. எழுத்தர் வாசித்தது எங்கள் நிலத்தின் சர்வே எண்.

“இதுக்காவது நமக்கு அதிகாரம் இருக்குதாப்பா?” என்று கேட்டேன்.

“இதுக்கு இருக்குதுக்கா,” என்று தீர்மான நோட்டை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன்.