வெயில் காய்ந்தவருக்குச் செய்த முதலுதவி

போன வருடம் ஜூன் மாதக் கடைசியில், இங்கிலாந்தில் கடலோரமாக இருக்கும் ஈஸ்ட்போர்ன் என்ற ஊரில் நடந்தது இது. லண்டனில் நர்ஸாக வேலை பார்க்கும் என் மகள், "இந்த லீவுக்கு ஒரு வாரம் இங்க வாங்கப்பா" என்று எல்லா ஏற்பாடும் செய்து என்னை வரவழைத்திருந்தாள்.

நான் ஷார்ஜாவில் தொழிலாளர் கேம்ப்பில் தங்கி, கட்டட சைட்டில் வேலை பார்ப்பவன். பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு ஒரு மாதம் லீவு. அந்த ஒரு மாதம்தான் மகள் என்னைப் பார்த்தது. நானோ அதிகம் பேசாதவன். லண்டனில் முதல் இரண்டு நாளும் "டீ போடவாப்பா?" என்பாள், "சரிம்மா" என்பேன். அதற்குமேல் பேச்சு நகரவில்லை. படித்த பிள்ளையிடம் கம்பியும் சிமென்ட்டும் தவிர எதைப் பேசுவது? இவ்வளவு தூரம் வந்தும் விருந்தாளி மாதிரியே இருந்துவிட்டுத் திரும்பிவிடுவேனோ என்று உள்ளுக்குள் பயம்.

மூன்றாம் நாள் காலை, "நல்ல வெயிலாம்ப்பா, கடலுக்குப் போவோம்" என்றாள். வெயில் என்றதும் நான் குடையையும், ஃப்ரிட்ஜிலிருந்து இரண்டு பெரிய பாட்டில் தண்ணீரையும் எடுத்துக்கொண்டேன்.

"அப்பா, வெறும் இருபத்து நாலு டிகிரிதான்!"

கேம்ப்பில் எங்கள் ரூமில் ஏசியை வைப்பதே இருபத்து நாலில்தான். ஆனாலும் வெயில் வெயில்தானே என்று பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

கரையில் மணலே இல்லை, எல்லாம் கூழாங்கல். மகள் உருளைக்கிழங்கு சிப்ஸ் வாங்க வரிசையில் நிற்கப் போனாள். நான் குடைக்குள் உட்கார்ந்திருந்தேன். பத்தடி தள்ளி ஒருவர் மல்லாந்து கிடந்தார். அறுபது வயது இருக்கும். சட்டை இல்லை, துணைக்கு ஆள் இல்லை. உடம்பு மிளகாய்ப்பழம் போலச் சிவந்திருந்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. சுற்றிலும் நிறைய பேர் படுத்துத்தான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் புரண்டார்கள், பேசினார்கள். இவர் வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்தார். மணி மதியம் ஒன்று.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு நான் பட்ட பாடு புரியும். அங்கே ஜூன் பாதியிலிருந்து உச்சி வெயிலில் வெளிவேலை கிடையாது. வெயிலில் ஆள் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வருடா வருடம் வகுப்பு எடுப்பார்கள். தோல் சிவந்து, வியர்வை நின்று, கூப்பிட்டும் எழவில்லை என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஓடிப்போய்த் தோளைத் தட்டி, "பாய்! பாய்!" என்று கூப்பிட்டேன். சைட்டில் எந்த ஊர்க்காரரையும் இந்தியில் அப்படித்தான் அண்ணன் தம்பியாகக் கூப்பிடுவோம். அவசரத்தில் வேறு வார்த்தை வரவில்லை. அவர் கண்ணைத் திறக்காமலே ஒரு கையை லேசாகத் தூக்கி ஆட்டிவிட்டுத் தொப்பென்று போட்டார். நினைவு தப்புகிறது என்றே நினைத்தேன். அவர் கால்களைத் தூக்கி என் பைமேல் வைத்தேன். முகத்தைக் குடையால் மறைத்தேன். ஒரு பாட்டில் தண்ணீர் முழுவதையும் கழுத்திலும் நெஞ்சிலும் கவிழ்த்தேன்.

அவர் அலறிக்கொண்டு எழுந்ததில் கரையே திரும்பிப் பார்த்தது. "சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டே பின்வாங்கினேன். மகள் சிப்ஸோடு ஓடி வந்தாள். என் மானம் போனால் போகட்டும், வேலை பார்க்கும் நாட்டில் பிள்ளையைத் தலைகுனிய வைத்துவிட்டேனே என்று காலி பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

அவள் இங்கிலீஷில் ஏதோ விளக்கினாள். அவர் ஏதோ சொன்னார். சட்டென்று இவள் கூழாங்கல்மேலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"என்னம்மா சொல்றாரு?"

"‘யாரோ பை பைன்னு சொன்னாங்க, நானும் மரியாதைக்குக் கையை ஆட்டுனேன். போறவரு எதுக்குக் குளிப்பாட்டிட்டுப் போறாரு?’ங்கறாருப்பா!"

அவரும் சிரித்தார். ஈரக் கையோடு எனக்குக் கை கொடுத்தார். மகள் அவர் தோளைப் பார்த்துவிட்டு நர்ஸ் குரலில் ஏதோ கண்டிக்க, சின்னப் பிள்ளை போல் சட்டையை மாட்டிக்கொண்டு நிழல் தேடிப் போனார்.

"கோவமாம்மா?" என்றேன்.

"எதுக்குக் கோவம்? காலைத் தூக்கி வெக்கணும்னு உங்களுக்கு யாருப்பா சொல்லிக் குடுத்தா?"

"சைட்ல ஃபர்ஸ்ட் எய்டு நான்தானே."

"எனக்கு ஏன் சொல்லவே இல்ல?"

"இதையெல்லாம் என்னத்தம்மா சொல்றது."

"சொல்லுங்க. யாரையாவது காப்பாத்தியிருக்கீங்களா?"

கம்பி கட்டும்போது சுருண்டு விழுந்த நேபாளக்காரர் ஒருவரைப் பற்றிச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். நாடி பார்த்தீங்களா, ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரமாச்சு, வாயில தண்ணி ஊத்தலயே?

"நெனவு இல்லாத ஆளு வாயில ஊத்துவாங்களா? உங்கப்பனுக்கு அதுகூடத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக மகளிடம் குரலை உயர்த்தினேன். அவளுக்கு அதிலும் சிரிப்பு.

சிப்ஸ் ஆறிப்போனது. அவள் தன் வார்டு கதைகளைச் சொன்னாள். ஒரே தொழில் பார்க்கும் இரண்டு பேர் மாதிரி, வெயில் இறங்கும்வரை பேசிக்கொண்டே இருந்தோம்.

மகளிடம் சொல்ல என் பிழைப்பில் ஒன்றுமில்லை என்று பத்தொன்பது வருடம் நானாகவே முடிவு செய்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்குப் புரிய, நிம்மதியாக வெயில் காய்ந்துகொண்டிருந்த முன்பின் தெரியாத ஒரு மனிதர் நனைய வேண்டியிருந்தது.