கொல்லிமலையில் விழுந்த அப்புச்சியின் விமானம்

காலை 5.40. நாமக்கல்லில் எங்கள் வீட்டுப் பூட்டை அம்மா மூன்றாவது முறையாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு தடவை தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. ஆறு மணி பஸ் போயே போய்விட்டது. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி, மலைப்பாதைக்கென்று கையில் ஓர் எலுமிச்சம்பழம். கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை. பூட்டை இழுத்துப் பார்க்கும் பழக்கம் அவருக்குப் பிறந்த வீட்டுச் சீதனம்.

என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, இரண்டாம் உலகப் போரின்போது கோவைப் பக்கம் ஒரு விமானத்தளத்தில் ஃபிட்டராக இருந்தவர். ஹரிகேன் என்கிற ஒற்றை எஞ்சின் போர் விமானம் ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. ஒரு மழைநாளில் கிளம்பிய அது கொல்லிமலையில் மோதி விழுந்தது. ஓட்டியவர் பிழைக்கவில்லை. மேகம்தான் காரணம் என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். அப்புச்சி நம்பவில்லை. அன்று காலை எஞ்சினின் எண்ணெய் வடிகட்டி மூடியைக் கழற்றி மாட்டியவர் அவர். போல்ட் கழலாமலிருக்க, அதன் தலையிலுள்ள துளையில் கம்பி கோத்து முறுக்க வேண்டும். அவசரத்தில் அந்தக் கம்பியைக் கட்டினாரா என்பது அவருக்கு நினைவில்லை. கடைசிவரை நினைவுக்கு வரவில்லை. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரிகிற மலைதான், ஆனால் அந்தத் திசைக்கே முகம் கொடுக்க மாட்டார்.

நான் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். போன மாதம் வண்டியை வேலைக்கு விட்ட மலைக்காரர் பொன்னுசாமி, “எங்க காட்டுல பிளேன் எஞ்சின் ஒன்னு சாமியா இருக்குதுங்க” என்று பேச்சுவாக்கில் சொன்னார். சும்மா இருக்காமல் அதை வீட்டில் வந்து சொன்னேன்.

6.45 பஸ்ஸில் உட்கார்ந்ததும் கேட்டேன். “கம்பி இல்லாம இருந்துட்டா என்னங்கம்மா பண்றது?”

“இல்லாட்டி இல்லைன்னு தெரியோணும் கண்ணு. கட்டினேனா, கட்டினேனான்னு கேட்டுக்கிட்டேதான் எங்கப்பா கண்ணை மூடினாரு.”

ஏழே முக்காலுக்குக் காரவள்ளி. இங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எனக்குப் பன்னிரண்டாவதிலேயே வயிறு புரட்டியது. எலுமிச்சம்பழம் கைமாறி என் மூக்குக்கு வந்தது. டிரைவரோ வீட்டு முற்றத்தில் சைக்கிள் ஓட்டுகிற மாதிரி ஒற்றைக் கையால் ஒடித்துக்கொண்டே கண்டக்டரிடம் சம்பந்தம் பேசிய கதையைச் சொல்லி வந்தார். அவருக்கு எங்கள் ஊரில் சிலை வைக்கலாம். சோளக்காட்டில் பஸ் பத்து நிமிடம் நின்றது. மிளகு கிலோ எண்ணூறு ரூபாய் என்றார்கள். அம்மா பேரம் பேசிக் கால் கிலோவை நூற்று எண்பதுக்கு வாங்கினார்.

9.40. செம்மேட்டில் பொன்னுசாமி ஜீப்போடு காத்திருந்தார். அப்புச்சியின் கதையை அவரிடம் போனிலேயே சொல்லியிருந்தேன். ஆறு கிலோமீட்டர் ஜீப்பில், அப்புறம் அரை கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று அவர் கேட்டதற்கு அம்மா சம்மதிக்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

“அன்னைக்கு ரோடே கெடையாதுங்க,” என்றார் பொன்னுசாமி, முன்னால் நடந்தபடி. “எங்க தாத்தாவோட சேத்து நாலு பேரு. ஓட்டி வந்தவரைக் கம்பளியில போட்டு, கொட்டற மழையில அடிவாரம் வரைக்கும் தூக்கிட்டுப் போனாங்களாம். யாரு எவருன்னு தெரியாதுங்க. ஒரு தாய் பெத்த புள்ளைதானேன்னு.”

பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததற்கே சுருண்டுபோன நான், அந்த நாலு பேரையும் நினைத்து அவர் முதுகைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

சாமை அறுத்த காட்டின் நடுவில், ஒரு பலா மரத்தடியில் மட்டும் புல் மண்டிக் கிடந்தது. உயிர் போன இடம் என்று அங்கே ஏர் ஓட்டுவதில்லை. பட்டாளத்துக்காரர்கள் எடுத்துப்போனது போக மிஞ்சிய எஞ்சின் துண்டு முழங்கால் உயரத்துக்குக் கருகருவென்று நின்றது. ஆடியில் சாமை விதைக்கும் முன் அதைக் குளிப்பாட்டி விளக்கெண்ணெய் பூசிக் குங்குமம் வைப்பார்களாம். எண்பது வருஷத்து எண்ணெய் விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்தேன். தட்டு அளவுக்கு ஒரு வட்ட மூடி, எண்ணெய் வடிகட்டியுடையது; சுற்றிலும் போல்ட் இருக்கிற இடத்தில் ஆறு மேடுகள். மேலே ஒன்றும் தெரியவில்லை.

“துடைச்சுப் பாக்கலாமுங்களா?”

பொன்னுசாமி தயங்கினார். “ஆடியில மட்டுந்தானுங்க தண்ணி ஊத்தறது. நடுவுல கை வெக்கறதில்லீங்க.”

பின்னால் குடத்தோடு வந்த அவர் மனைவி செல்லம்மாள் குடத்தை அம்மாவின் முன்னால் இறக்கினார். “அது அவங்க ஊட்டுச் சாமிங்க. நாம பாத்துக்கிட்டோம், அவ்வளவுதான். நீங்க குளிப்பாட்டுங்கம்மா.”

அம்மா மண்ணில் உட்கார்ந்தார். தண்ணீர் ஊற்றித் துணியால் தேய்த்தார். முதல் போல்ட்டின் தலை வெளியே வந்தது. துளைப் பக்கம் கறுப்பாக இருந்தது. கம்பியைக் காணோம். எதற்கடா கூட்டி வந்தோம் என்றிருந்தது எனக்கு. அம்மா சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றி அந்தக் கறுப்பை நோண்டினார். கட்டி எண்ணெய் பெயர்ந்து வந்தது. உள்ளே கம்பி மின்னியது.

அதற்கப்புறம் அவர் யாரையும் கைவைக்க விடவில்லை. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு என்று முறுக்கிய கம்பி போல்ட் போல்ட்டாக வெளியே வந்தது. ஆறிலும் இருந்தது. கடைசி போல்ட்டில் கம்பியின் நுனி உள்பக்கமாக மடங்கி, தட்டையாக அழுத்தப்பட்டிருந்தது. எங்கள் வீட்டுக் கிணற்று வாளிப் பிடியிலும் வேலிப் படலிலும் அப்புச்சி கட்டிய கம்பி எல்லாம் இப்படித்தான் முடியும். குழந்தைகள் கையில் குத்திவிடக் கூடாது என்பார்.

அம்மா அதன் மேல் விரலை வைத்து இரண்டு தடவை தடவினார்.

“குத்தலையே கண்ணு,” என்றார். பிறகு அழுதார். நானும் அழுதேன், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. செல்லம்மாள் கொண்டுவந்த விளக்கெண்ணெயை அம்மாவே பூசினார்.

மாலை 3.15க்குத் திரும்பும் பஸ். கட்டிய கை மண்ணாகி எத்தனையோ வருஷம், கட்டு மட்டும் அவிழவில்லை. அடிவாரத்திலிருந்தும் எங்கள் வீட்டில் இந்த மலைக்கு முகம் கொடுக்கத் துணிச்சல் வரவில்லை; எங்களுக்காக அதைக் காத்து வைத்தவர்கள் இந்த மலைக்காரர்கள். அவர்களுக்கு நாங்கள் கொண்டுபோனது ஒரு சீப்பு வாழைப்பழம், அதுவும் மலையில் விளைந்ததுதான்.

அம்மா எலுமிச்சம்பழத்தைக் கேட்கவேயில்லை. முப்பதாவது வளைவில் அவரைச் சீண்டிப் பார்க்கத் தோன்றியது.

“ஏனுங்கம்மா, காலையில வீட்டைச் சரியாப் பூட்டினீங்களா?”

அவர் ஜன்னலில் தலை சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார்.

“பூட்டியிருப்பேன் போ.”