எட்டு மீட்டர் தண்டவாளம்

“என்ன அத்தான், மரம் வைக்கக் குழி வெட்டறீங்களா?” என்று கேட்டேன்.

“இல்ல, தண்டவாளம் போடறேன்.”

“எங்க போகும்?”

“மாதுளைச் செடியைச் சுத்திட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்துடும்.”

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “அதுக்கு எதுக்கு ரயில்? சும்மா உட்கார்ந்திருந்தாலும் அங்கேயேதானே இருக்கப் போறீங்க.”

அத்தான் சிரித்தார். நான்கு மாதத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கும் இரும்புத் தண்டுகளை, கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் பதினெட்டு வருடங்களாக நிறுத்தியவர். பத்து மாடி உயரத்திலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, “அரை நூல் இடப்பக்கம்” என்பாராம். அளந்தால் அரை நூல்தான், ஒன்றரை மில்லிமீட்டர்தான், இருக்குமாம். பிறகு காதுக்குள் ஏதோ கோளாறு வந்து தலை சுற்றத் தொடங்கியது. உயரத்தில் ஏறக் கூடாது என்றார் மருத்துவர். சாமான் அறையில் உட்காரச் சம்மதமா என்று கேட்டு, பதிலுக்கு ஒரு மாதம் தவணை கொடுத்தது அலுவலகம். பட்டறையில் தண்டுகளைச் சரிபார்க்கும் வேலையும் தரையில்தான். ஆனால் அதைக் கேட்க, அரை நூல் கோணலையும் பிடிக்கிற கண் வேண்டும். தலையோடு கண்ணும் போய்விட்டதோ என்பதுதான் அவருடைய பயம். அதைச் சோதித்துப் பார்க்கவே இந்தப் பொம்மை ரயில்.

பித்தளைத் தண்டவாளம். வேலி ஓரமாக எட்டு மீட்டர் நேராகப் போய், இரண்டு முனையிலும் சிமெண்டில் பதித்த வளைவில் திரும்பும். துண்டுகளை அவர் நெருக்கிச் சேர்த்ததில், நகத்தால் தடவினாலும் இணைப்பு தட்டுப்படவில்லை. போட்டு முடித்த அன்று காலையில் ரயில் ஒரு சுற்று ஓடியது. மதியம் பாதி வழியில் கவிழ்ந்தது. நூல் பிடித்த மாதிரி இருந்த தண்டவாளம் பாம்பு போல நெளிந்து கிடந்தது.

அவர் தட்டி நேராக்கினார். மறுநாள் மதியமும் அப்படியே. நான்கு நாள் இப்படிப் போனது. நான்காம் நாள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, “எல்லாத்தையும் பிடுங்கிடறேன். கண்ணும் போச்சு” என்றார்.

“கண் போகல, புத்திதான் போச்சு” என்றாள் அக்கா. “காலைல துணி போடும்போது நேராத்தான் இருக்கு, நான் தினமும் பார்க்கறேன். துணி எடுக்க வரும்போதுதான் கோணியிருக்கு. நடுவுல நீங்க என்னதான் பண்றீங்க?”

“ஒண்ணும் பண்ணல. சாப்பிடறேன்.”

சொன்னவர் நிமிர்ந்து வெயிலைப் பார்த்தார். குனிந்து தண்டவாளத்தைத் தொட்டவர், சுட்டுக்கொண்டு கையை உதறினார்.

மறுநாள் காலை ஒரு முனையை அவிழ்த்துவிட்டு, அது நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். நாங்கள் மூவரும் அதன் முன்னால் உட்கார்ந்தோம். பத்து மணிக்குக் கோடு மறைந்தது. மதியம் ஓர் அரிசி நீளத்துக்குப் பித்தளை கோட்டைத் தாண்டியிருந்தது. யாரும் தொடவில்லை. காற்றுகூட இல்லை. வெயில் சாய்ந்ததும், வந்த சுவடே இல்லாமல் அது மெல்லப் பின்வாங்கியது. கோடு மறுபடி தெரிந்தபோது அக்கா குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். நாங்கள் துணி உலர்த்தும் இடத்தில் தினமும் இவ்வளவு பெரிய காரியம் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

“பதினெட்டு வருஷம் வெயில் படாத குழிக்குள்ள வேலை பார்த்திருக்கேன்” என்றார் அத்தான். “இடைவெளி விடணும்னு தோணவே இல்ல.”

அடுத்த காலை, துண்டுகளுக்கு நடுவே ரம்பத் தகட்டைச் செருகி, அந்தக் கனத்துக்கு இடம் விட்டு மீண்டும் பதித்தார். மதியம் ரயில் பதினோரு சுற்று ஓடியது. தண்டவாளம் நேராகவே இருந்தது.

அன்று மாலை என்னிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

“உனக்கு ஆபீஸ்காரங்க பாஷையும் நல்லா வருமே. பட்டறைல தண்டு சரிபார்க்கிற வேலை கேட்டு ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதிக் குடும்மா. தலை சுத்தறதை மறைக்காத. நாலு நாள் காரணம் தெரியாம தட்டிட்டிருந்தேன்ல, அதையும் சேர்த்து எழுது.”