பேர் வெட்டிய கம்பைலர்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் கூடத்தில் நான் காப்பி குடிக்கும் எவர்சில்வர் டம்ளரை டேவ் உருட்டி உருட்டிப் பார்த்தான். அந்தக் கூடத்தின் பொது இயந்திரத்துக்கு அவன்தான் நிர்வாகி. சகல அதிகாரமும் அவன் கையில். விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டியிருப்பது கம்பெனி பெயரா என்று கேட்டான். இல்லை, எங்கள் அப்பா பெயரும் ஊரும் என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. இங்கே யாரும் உன் டம்ளரைத் திருட மாட்டார்கள் என்று ஆறுதல் வேறு சொன்னான்.

பேர் வெட்டாத பாத்திரம் என் அம்மாவுக்குப் பாத்திரமே இல்லை. சின்னமனூர் பாத்திரக்கடைக்காரர், பெயர் மட்டும் போதாதா என்பார். "கல்யாண வீட்டுக்குக் குடுத்தா வழி தெரிஞ்சு திரும்பி வரணும்ல, ஊரையும் போடுங்கண்ணே" என்பாள் அம்மா. எங்கள் வீட்டில் கரண்டிக்குக்கூட ஊர் உண்டு. அந்தப் புத்தி என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது.

என் ஆராய்ச்சிக்கு ஒரு கணினி மொழி தேவைப்பட்டது. அதில் எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலரும் துணைக் கருவிகளும் டேப்பில் மூல வடிவில் வந்தன. ஓடும் நிலைக்கு அவற்றை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். பொது இடத்தில் நிறுவ டேவின் அனுமதி வேண்டும். பெரியகுளத்து ஆபீஸ்களில் தெரிந்த ஆள் இல்லாமல் படியேறாத பரம்பரையல்லவா, ஒரு மலையாளி சீனியரைச் சிபாரிசுக்குக் கூட்டிப்போய்க் கை கட்டி நின்றேன். இருவரில் யாருக்கு என்ன வேண்டும் என்று புரியாமல் டேவ் விழித்தான். மாணவர்களுக்குப் பொது இடம் கிடையாது, உன் கோப்புகளுக்கென்று ஒதுக்கிய டைரக்டரிக்குள் என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள் என்றான்.

கட்டினேன். ஒன்றைக் கட்டப்போனால் இன்னொன்று இல்லாமல் நகரமாட்டேன் என்றது, அதற்கு வேறொன்று. கோப்புகள் இருக்கும் முகவரியை ஒரே இடத்தில் எழுதினால் போதும் என்றது கையேடு. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒவ்வொரு கருவியிலும் என் டைரக்டரியின் முழு முகவரியையும் வெட்டி வைத்தேன். எல்லாம் ஜோராக ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இதைப் பேராசிரியர்கள் பார்த்துத் திருப்தியானால்தான் அடுத்த ஆண்டு உதவித்தொகை. இல்லையென்றால் போடியில் மாமாவின் ஏலக்காய்க் கடையில் எனக்கொரு ஸ்டூல் தயார். அவர்கள் வரவேண்டிய நாள் காலையில் கம்பைலரைத் தட்டினால், எதையுமே காணோம் என்கிறது. முந்தைய நாள் டேவ் எல்லோருடைய டைரக்டரிகளையும் புது டிஸ்குக்கு மாற்றியிருந்தான். என் கருவிகள் புது வீட்டில் உட்கார்ந்துகொண்டு பழைய வீட்டைத் தேடிக்கொண்டிருந்தன. மறுபடி கட்ட நேரமில்லை.

சிபாரிசு தேடவும் நேரமில்லை, தனியாகவே ஓடினேன். பழைய முகவரியில், இவர் இப்போது அங்கே இருக்கிறார் என்று வழிகாட்டும் ஓர் இணைப்பை டேவ் ஒரே வரியில் போட்டான். கம்பைலர் எழுந்து ஓடியது, உதவித்தொகை பிழைத்தது. இதற்கும் டம்ளர் மாதிரியே பேர் வெட்டினாயா என்று அவன் சிரித்துக்கொண்டே கேட்டான். நானும் சேர்ந்து சிரித்தேன், அந்த முட்டாள் கம்பைலரைப் பார்த்து.

அடுத்த கோடையில் ஊருக்கு வந்தேன். அம்மா அதற்குள் சின்னமனூர் வீட்டை விற்றுவிட்டுத் தேனியில் அண்ணனோடு குடியேறியிருந்தாள். எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மதுரையில் பஸ் ஏறி, கண்டக்டர் கேட்டதும் என் வாய் சின்னமனூர் என்றது. தேனியைத் தூங்கியபடியே கடந்து, பெட்டியோடு பழைய வீட்டு வாசலில் போய் நின்ற பிறகுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது, அதைவிட அழுகை வந்தது.

வீட்டை வாங்கியிருந்த பெண்மணி வெளியே வந்தார். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"அம்மா தேனிக்குப் போயிட்டாகள்ல தம்பி. இங்கன வர்றவுகள எல்லாம் அங்கனதான் அனுப்பிவிட்டுக்கிட்டு இருக்கோம். தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அம்மா விட்டுப்போன சொம்பில் தண்ணீர் கொடுத்தார். விளிம்பில் அப்பா பெயர், பக்கத்தில் சின்னமனூர். எங்கள் வீட்டில், எழுதிய இடத்திலேயே இருந்தது அது ஒன்றுதான். குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். டம்ளர் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேனி பஸ்ஸுக்கு நடந்தேன்.